முதல் வேலையா? ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்

பகுதிநேர வேலையோ, விடுமுறையில் இரண்டு மாதம் பார்க்கும் வேலையோ, சேர்ந்த அன்றிலிருந்தே தினமும் மூன்று வரி எழுதி வையுங்கள்: இன்று என்ன செய்தேன், எங்கே சொதப்பினேன், எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை. மூன்றாவது வரிதான் பின்னால் ரொம்ப உதவும்.

நான் முதலில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசை நீண்டால் கை நடுங்கும், எரிச்சல் வரும். ஆனால் ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணும்போது கணக்கு இடித்தால், எந்த பில்லில் தப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடுவதில் பசிகூடத் தெரியாது. எனக்கு ஒத்துவருவது கணக்கு வேலைதான் என்பது அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது.

வந்த நேரம், கிளம்பிய நேரத்தையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள், சம்பளம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் (கேட்கக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் உழைப்புதானே).

அப்புறம், நேர்முகத் தேர்வில் “பொறுப்பாக இருப்பேன்” என்று எல்லோரும்தான் சொல்வார்கள். அதைவிட, கல்லாவில் பணம் குறைந்த அன்று உடனே மேலாளரிடம் சொல்லி, எப்படித் தேடிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு சம்பவத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் மேலாளரே மாறியிருப்பார்.