ஷெர்லாக் ஹோம்ஸ் கையேட்டை எப்படிப் படிக்கக் கூடாது

ஆர்தர் கானன் டாயில் ஹோம்ஸை வைத்து எழுதியவை நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள். 1887-இல் தொடங்கி 1927-இல் முடிந்துபோன வரிசை அது. ஆனால் அந்தக் கதைகளுக்குத் துணையாக வந்த நூல்களுக்கு இன்னும் முடிவில்லை. கதைச் சுருக்கம், பாத்திரங்களின் பட்டியல், விக்டோரியா காலத்து லண்டன் வரைபடம், பழைய பத்திரிகை ஓவியங்கள், குதிரை வண்டிகளின் படங்கள் என்று கனத்த தாளில் அச்சான கையேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு இவற்றின் மீது தீராத ஆசை உண்டு. அதனால்தான், இவற்றைக் கையாளும்போது வாசகர்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

முதல் தவறு, கதைக்கு முன்னால் கையேட்டைத் திறப்பது. துப்பறியும் கதையைத் தெரியாமல் படிக்கும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும். எழுத்தில் இருக்கும் முடிவையாவது கண்ணை விலக்கித் தவிர்க்கலாம். படத்தைத் தவிர்க்க முடியாது, பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் பட்டுவிடும். இது இன்றைய கோளாறும் அல்ல. 1893 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் பத்திரிகை ‘தி ஃபைனல் ப்ராப்ளம்’ கதையை வெளியிட்டபோது, அருவியின் விளிம்பில் ஹோம்ஸும் அவருடைய பரம எதிரி மோரியார்ட்டியும் கட்டிப் புரளும் ஓவியத்தை முகப்புப் படமாகப் போட்டு, ஹோம்ஸின் மரணம் என்று அடியில் அச்சிட்டுவிட்டது. அன்றைய வாசகர் கதையின் முதல் வரிக்கு வருவதற்குள் முடிவைப் பார்த்தாயிற்று. ஒரு கதையைப் படித்து முடித்த அன்றே அந்தக் கதைக்குரிய பக்கத்தை மட்டும் கையேட்டில் திறப்பதுதான் நல்ல வழக்கம்.

அடுத்தது படங்களைப் பற்றியது. பலரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கையேட்டில் இருக்கும் ஓவியம் டாயிலின் எழுத்து அல்ல. அது ஓர் ஓவியர் அந்த எழுத்தைப் படித்துவிட்டுக் கற்பனை செய்தது. 1887-இல் முதல் நாவல் பத்திரிகை மலரில் வந்தபோது டி. எச். ஃபிரிஸ்டன் ஒரு முகத்தை வரைந்தார். மறுவருடம் அதே நாவல் புத்தகமானபோது டாயிலின் தந்தை சார்ல்ஸ் டாயில் படம் வரைந்தார். அந்த ஹோம்ஸுக்குத் தாடி இருக்கிறது! 1891 ஜூலையில் ஸ்ட்ராண்டில் சிறுகதைகள் தொடங்கியபோது வந்தவர் சிட்னி பேஜெட். இன்று நம் மனதில் பதிந்திருக்கும் உருவம் பெரும்பாலும் அவர் கொடுத்தது. தாம் நினைத்திருந்த ஹோம்ஸ் இவ்வளவு அழகன் அல்ல என்று டாயில் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். கத்தி போல மெலிந்த முகம், பருந்தின் அலகு போன்ற பெரிய மூக்கு, நெருங்கி அமைந்த இரண்டு சிறிய கண்கள்: அவர் மனதில் இருந்தது அதுதான்.

அந்தப் புகழ்பெற்ற வேட்டைத் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். ‘பாஸ்கோம்ப் வேலி மிஸ்டரி’யில் ஹோம்ஸ் நீண்ட சாம்பல் நிறப் பயண அங்கியும், தலையை ஒட்டிய துணித் தொப்பியும் அணிந்திருப்பதாக, அவருடைய நண்பரும் கதைசொல்லியுமான வாட்சன் சொல்கிறார். ‘சில்வர் பிளேஸ்’ கதையில் காதுமடல் வைத்த பயணத் தொப்பி வருகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். அதை மான் வேட்டைக்காரர்களின் தொப்பியாக வரைந்தவர் பேஜெட். இரண்டு கதைகளிலும் ஹோம்ஸ் ரயிலேறி நாட்டுப்புறத்துக்குப் போகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். லண்டன் தெருவில் நடக்கும்போது அதே பேஜெட் அவருக்கு உயரமான பட்டுத் தொப்பிதான் வைத்தார். அந்தக் காலத்துக் கனவான் ஒருவர் நகரத்துக்குள் வேட்டைத் தொப்பியோடு திரியமாட்டார் என்பது ஓவியருக்குத் தெரியும். பேக்கர் தெரு அறைக்குள் ஹோம்ஸ் அந்தத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பதாக ஒரு கையேடு படம் போட்டால், அதைத் தயாரித்தவர்கள் கதைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய வளைந்த சுரைக்குடுக்கைப் புகைக்குழாயும் கதைகளில் இல்லை. களிமண் குழாய் இருக்கிறது, பிரையர் என்ற புதரின் வேரில் செய்தது இருக்கிறது, செர்ரி மரக்குழாய் இருக்கிறது. வளைந்த குழாய் மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்க நடிகர் வில்லியம் கில்லெட் 1899 முதல் மேடையில் ஹோம்ஸாக நடித்தார். 1903-இல் கோலியர்ஸ் பத்திரிகைக்கு ஃபிரெடரிக் டோர் ஸ்டீல் வரைந்த ஹோம்ஸ், கில்லெட்டின் சாயல் கொண்டவர். எனவே ஒரு படத்தைப் பார்த்தால், யார் வரைந்தது, எந்த ஆண்டு, எந்தப் பத்திரிகை என்று கீழே போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத படம் வெறும் அலங்காரம். வண்ணத்தில் இருக்கும் பேஜெட் படங்களிலும் கவனம் வேண்டும். அவர் கறுப்பு வெள்ளையில்தான் ஸ்ட்ராண்டுக்கு வரைந்தார். நிறம் பிறகு வேறு யாரோ பூசியது.

வாட்சன் விஷயத்தில் திரைப்படப் புகைப்படங்கள் செய்த அநியாயம் பெரிது. 1939-இல் தொடங்கிய ஹாலிவுட் படங்களில் நைஜல் புரூஸ் அவரை உளறிக்கொட்டும் கிழவராக நடித்தார். கதைகளில் இருப்பவர் 1880-இல் ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாண்ட் போரில் குண்டடி பட்ட ராணுவ மருத்துவர். ஆபத்தான இடத்துக்குப் போகும்போது ஹோம்ஸ் நம்பிக் கூட்டிச் செல்வது இவரையும் இவர் கைத்துப்பாக்கியையும்தான்.

இன்னொரு தவறு பார்வைக்கு எளிதில் அகப்படாது. ஹோம்ஸ் பிறந்த நாள் 1854 ஜனவரி 6 என்று கையேடுகளில் படித்திருப்பீர்கள். எந்தக் கதையிலும் அது இல்லை. 1914 ஆகஸ்டில் நடக்கும் ‘ஹிஸ் லாஸ்ட் போ’வில் அவர் அறுபது வயதுக்காரராக வருகிறார், அவ்வளவே. மீதி ரசிகர்களின் ஊகம். ஹோம்ஸும் வாட்சனும் உண்மையில் வாழ்ந்தவர்கள், டாயில் அவர்களுடைய இலக்கிய முகவர் மட்டும் என்று வைத்துக்கொண்டு ஆராய்வது அந்த ரசிகர்களின் பழைய விளையாட்டு. அதற்கு அடிபோட்டது 1911-இல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்த கட்டுரை.

விளையாட்டுக்குத் தீனி கதைகளிலேயே இருக்கிறது. வாட்சனின் காயம் முதல் நாவலில் தோளில், இரண்டாவதில் காலில். ‘ரெட் ஹெட்டட் லீக்’கில் ஏப்ரல் மாத விளம்பரம் வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்கிறார்கள், ஆனால் தலைப்பில் உள்ள அந்தச் சங்கம் கலைக்கப்பட்ட அறிவிப்பில் அக்டோபர் தேதி. ஹோம்ஸ் இறந்துவிட்டதாக உலகம் நம்பிய 1892-இல் ‘விஸ்டீரியா லாட்ஜ்’ வழக்கு நடக்கிறது. ‘ட்விஸ்டட் லிப்’ கதையில் ஜான் வாட்சனை அவர் மனைவி ஜேம்ஸ் என்று அழைக்கிறார். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற, அவருடைய நடுப்பெயர் ஹேமிஷ், அது ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவம் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் விளக்கம் கண்டுபிடித்தார். அருமையான மூளை வேலை, நானும் ரசிக்கிறேன். ஆனால் ‘வாட்சனின் முழுப்பெயர் ஜான் ஹேமிஷ் வாட்சன்’ என்று டாயில் எழுதியதைப் போல மேற்கோள் காட்டுவது தவறு. டாயில் வேகமாக எழுதினார், பழைய கதைகளைப் புரட்டிச் சரிபார்க்கவில்லை. நல்ல கையேடு கதையில் இருப்பதையும் ரசிகர் ஊகத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டும்.

ஹோம்ஸ் குடியிருந்ததாகக் கதைகள் சொல்லும் பேக்கர் தெரு 221பி முகவரியும் அப்படித்தான். கதைகள் வந்த காலத்தில் பேக்கர் தெருவின் வீட்டு எண்கள் நூறைக்கூடத் தொடவில்லை. 1990-இல் திறந்த அருங்காட்சியகம் 237-க்கும் 241-க்கும் நடுவில் நிற்கிறது. வரைபடத்தில் புள்ளி வைத்து ‘இங்கேதான்’ என்று சொல்லும் பக்கத்தை அந்த அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

சரி, படம் எதற்குத்தான் உதவும்? நமக்குப் பழக்கமில்லாத பொருள்களுக்கு. பாஸ்கர்வில் நாவலில், ரீஜன்ட் தெருவில் பின்தொடரும் வண்டியிலிருந்து கருந்தாடி முகம் ஒன்று பக்கச் சன்னல் வழியே பார்க்கிறது. உடனே மேலே இருந்த சிறு கதவு திறக்கிறது, வண்டிக்காரனிடம் ஏதோ கத்தப்படுகிறது, வண்டி பறக்கிறது. ஹான்சம் வண்டியின் படத்தைப் பார்க்காதவருக்கு இது புரியாது. அதில் இரண்டு சக்கரம், இருவர் உட்கார இடம். ஓட்டுபவர் பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், கூரையில் உள்ள திறப்பு வழியாகத்தான் அவரோடு பேச முடியும். ஒரே ஒரு கோட்டோவியம் அந்தக் காட்சியைத் துலக்கிவிடும்.

பண விஷயத்தில் மட்டும் கையேடு தரும் ‘இன்றைய மதிப்பு’ கணக்கை நம்பிவிடாதீர்கள். கதைகளுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. தனியாக வாழும் பெண் ஆண்டுக்குச் சுமார் 60 பவுண்டில் வசதியாக வாழலாம் என்று ‘எ கேஸ் ஆஃப் ஐடென்டிட்டி’யில் ஹோம்ஸ் சொல்கிறார். ‘ரெட் ஹெட்டட் லீக்’கில் வரும் அடகுக்கடைக்காரர் ஜேபஸ் வில்சனுக்கு, உட்கார்ந்து எழுதும் சின்ன வேலைக்கு வாரம் 4 பவுண்ட் கிடைக்கிறது, ஆண்டுக்கு 208. அந்தச் சம்பளத்தில் ஏதோ சூது இருக்கிறது என்பது இந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

கையேட்டின் பட்டியலும் கையில் உள்ள தொகுப்பும் ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். 1893-இல் வந்த ‘கார்ட்போர்டு பாக்ஸ்’ கதையை அடுத்து வந்த தொகுப்பிலிருந்து டாயிலே விலக்கிவைத்தார். 1917-இல்தான் வேறு தொகுப்பில் சேர்த்தார். வாட்சனின் எண்ண ஓட்டத்தை ஹோம்ஸ் படித்துச் சொல்லும் அதன் தொடக்கப் பகுதி இடையில் ‘ரெசிடென்ட் பேஷன்ட்’ கதைக்கு இடம் மாறியது. ஒரே காட்சி இரண்டு கதைகளில் கண்ணில் பட்டால் காரணம் இதுதான்.

கடைசியாக ‘தி சைன் ஆஃப் ஃபோர்’. அதில் அந்தமான் பழங்குடியினரை நரமாமிசம் உண்பவர்களாக வர்ணிக்கும் குறிப்பு ஒன்றை ஹோம்ஸ் ஒரு நூலிலிருந்து வாசித்துக்காட்டுகிறார். அந்த மக்கள்மீது சுமத்தப்பட்ட ஆதாரமற்ற பழி அது. அதே நாவலில் மஹோமத் சிங், அப்துல்லா கான் என்ற பெயர்கள் கொண்டவர்கள் சீக்கியர்களாக வருகிறார்கள். இந்தியாவையே பார்க்காமல் எழுதியவரின் குழப்பம் இது. லண்டனின் விளக்குக் கம்பத்தைக்கூடப் பக்கம் பக்கமாக விளக்கும் கையேடு, இந்த இடத்தைத் தொடாமல் கடந்துபோகக் கூடாது. வாங்குமுன் கடையில் நின்றே அந்த நாவலுக்கான பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லையென்றால் வேறு கையேட்டைத் தேடுவதே நல்லது.