மூச்சு விட நேரம் இல்லயா? மலேசியா காஜாங்ல நான் பண்ணிக்கிட்டு இருக்குறது இதுதான்

லீவு போட்டு எங்கயாச்சும் போய்ட்டு வந்தா சரியாயிடும்னு நெனச்சுதான் நானும் போன வருஷம் மூணு நாள் கேமரன் மலைக்கு கெளம்புனேன். தாப்பா வழியா ஏறி பிரிஞ்சாங் போய் சேர்றதுக்குள்ள ஜேம்லயே பாதி நாள் போச்சு, சின்னவன் ரெண்டு தடவ வாந்தி எடுத்தான், ராத்திரி ஓட்டல் கட்டில்ல ஒக்காந்து ஆபீஸ் இமெயிலுக்கு பதில் அடிச்சேன், வீட்டுக்கு வந்து பாத்தா துவைக்க வேண்டிய துணி இன்னொரு கேமரன் மலை. திங்கக்கிழமை காலைல போறதுக்கு முன்னாடி இருந்தத விட மோசமா இருந்தேன்.

அப்புறம் ஒக்காந்து யோசிச்சதுல ஒன்னு புரிஞ்சுச்சு. எனக்கு வேல அதிகம்தான், ஆனா எங்கம்மாவுக்கும் வேல அதிகம்தான் இருந்துச்சு, பிரச்சன அது மட்டும் இல்ல. என் நாள்ல ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல ஒரு விரல் நொழைய கூட சந்து இல்ல. அஞ்சேகாலுக்கு எந்திரிச்சா பிள்ளைங்கள பள்ளிக்கு அனுப்பி, அப்படியே எம்.ஆர்.டி. ரயில், அப்படியே ஆபீஸ், அப்படியே எம்.ஆர்.டி., அப்படியே அடுப்பு, அப்படியே டியூஷன் ஹோம்வர்க், அப்படியே படுக்கை. எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு கெடக்கு, தோசக்கல்லுல எண்ண தடவாம ஊத்துன மாதிரி. அதனால யோகா கிளாஸ், தியான ஆப்னு புதுசா ஒன்ன உள்ள கொண்டு வர்ற ஐடியா எனக்கு ஒத்து வரல, அதுக்கும் நேரம் ஒதுக்கணும், போகலன்னா அதுக்கு வேற கவல. நான் பண்ணது சந்து உடுறது மட்டும்தான்.

மொதல்ல குதிரை காலண்டர்ல இருந்து ஆரம்பிங்க. அதான், எல்லார் வீட்டு அடுப்படிலயும் தொங்குமே, குதிரப்பந்தய நாள்ல குதிர படம் போட்டது, அதுல போன மாசத்து தாள கிழிச்சு தூக்கி போடாம பின்பக்கம் எழுதிக்கோங்க. ஒரு வாரத்துக்கு என்னென்ன பண்றீங்கன்னு எழுதணும், என்ன பண்ணனும்னு இல்ல, என்ன பண்ணீங்கன்னு. நான் எழுதி பாத்தப்ப யாருமே கேக்காம நானா இழுத்து போட்டுக்கிட்ட வேல பதினொன்னு இருந்துச்சு. பி.ஐ.பி.ஜி., அதான் பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்க கூட்டத்துக்கு எல்லாருக்கும் சேத்து மீ கோரெங் செய்றேன்னு கை தூக்குனது நான்தான், யாரும் என் கழுத்த புடிக்கல. பதினொன்னுல நாலத்தான் வெட்ட முடிஞ்சுச்சு. நாலே போதும், ஆனா ஒன்னு, வெட்டுன எடத்துல வேற எதையும் நட்டு வைக்காதீங்க, அந்த எடம் சும்மா கெடக்கட்டும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், கார். நாங்க இருக்குறது நாலு மாடி பிளாட், லிப்ட் கெடையாது. சாயங்காலம் ஸ்டேஷன்ல போட்டிருக்க மைவிய எடுத்துட்டு வந்து கீழ பார்க் பண்ணுவேன், முன்னாடியெல்லாம் கதவ தொறக்கும்போதே மேல இருந்து அம்மான்னு சத்தம் வரும், நானும் ஒரு கையில காய்கறி பை, ஒரு கையில லேப்டாப் பையோட மூச்சு வாங்க ஏறுவேன், வாசல்ல செருப்ப கழட்டும்போதே யாரையாச்சும் திட்டிக்கிட்டுதான் உள்ள நொழைவேன். இப்ப என்ன பண்றேன்னா, வண்டிய நிறுத்தி, இஞ்சின அணைச்சு, ரெண்டு பக்க கண்ணாடியையும் கொஞ்சம் எறக்கி விட்டுட்டு பதினஞ்சு நிமிஷம் அப்படியே ஒக்காந்துருவேன். போன் பைக்குள்ள, பை பின் சீட்ல. ரேடியோவும் கெடையாது. மொத ரெண்டு நிமிஷம் கை தானா போன தேடும், தேடட்டும். அப்புறம் சூடான இஞ்சின் டிக் டிக்னு ஆறுற சத்தம் கேக்கும், எதுத்த பிளாக்ல யாரோ சம்பால் தாளிக்கிற வாட வரும், மூணாவது மாடி ஆயா கொடில துணிய எடுத்து ஒவ்வொன்னா மோந்து பாத்து மடிக்கும். ஆறு வருஷமா அதே எடத்துல பார்க் பண்றேன், அந்த ஆயாவ நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஏர்கோனுக்காக இஞ்சின ஓட விட்டுக்கிட்டு ஒக்காராதீங்க, அதுவும் கொண்டோ பேஸ்மென்ட் மாதிரி மூடுன எடத்துல கூடவே கூடாது, பொக உள்ள சேந்தா உயிருக்கே ஆபத்து. ரெண்டாவது, வீட்ல சொல்லிட்டு பண்ணுங்க. நான் மொதல்ல திருட்டுத்தனமாதான் ஒக்காந்தேன், ஒரு நாள் என் வீட்டுக்காரர் மேல இருந்து பாத்துட்டு என்னமோ ஏதோன்னு நாலு மாடியும் ஓடி வந்துட்டாரு. இப்ப அம்மா ஆறரைக்குத்தான் வருவான்னு பிள்ளைங்களுக்கே தெரியும். கார் இல்லாதவங்க பஸ் ஸ்டாப் பெஞ்ச், மாமாக் கடையில பாலும் சீனியும் இல்லாம ஒரு தே ஓ கோசோங், எதுவா இருந்தாலும் சரிதான், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கணும், அவ்ளோதான்.

இது ஒன்னும் புது கண்டுபிடிப்பு இல்ல. கோயிலுக்கு போனா சாமி கும்பிட்ட கையோட கெளம்பக்கூடாது, செத்த நேரம் ஒக்காந்துட்டு போகணும்னு எங்க பாட்டி சொல்லும். பாட்டி ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் சீவுனது, விடியறதுக்கு முன்னாடியே வெளக்க கட்டிக்கிட்டு போயிரும். எஸ்டேட் வாழ்க்க சொர்க்கம்னு நான் சொல்ல வரல, அந்த கஷ்டம் வேற. ஆனா கோயில் தூண்ல முதுக சாச்சு பாட்டி ஒக்காந்திருக்கும்போது யாரும் வந்து எதுவும் கேக்க மாட்டாங்க, நாமதான் இப்ப பிரகாரத்த சுத்தும்போதே கார் கண்ணாடில பார்க்கிங் சம்மன் சொருகியிருப்பானோன்னு யோசிச்சுக்கிட்டு சுத்துறோம்.

போன் விஷயம் சுருக்கமா. எனக்கு வாட்ஸ்அப்ல இருபத்திரண்டு குரூப், நம்ம ரேடியோல புலனம்னு அழகா சொல்லுவாங்க, ஆனா அதுல வர்றதெல்லாம் காலை வணக்கம் ரோஜாப்பூ படம்தான். பிள்ளைங்க வகுப்பு குரூப்பும் குடும்ப குரூப்பும் தவிர எல்லாத்தையும் எப்பவும்னு போட்டு மியூட் பண்ணி ஆர்கைவ்ல தள்ளிட்டேன். நீங்க மியூட் பண்ணது அவங்களுக்கு தெரியாது. குரூப்ப விட்டு வெளிய போனா கூட 2022-ல இருந்து அட்மினுக்கு மட்டும்தான் நோட்டீஸ் போகும், எல்லாருக்கும் பறை அடிக்காது. ராத்திரி ஒம்பதுக்கு மேல ஆபீஸ் மெசேஜ திறந்தா நீல டிக் விழுந்துரும், அதனால திறக்குறதே இல்ல, நாள காலைல ரயில்ல பாத்துக்கலாம். மொத வாரம் படபடப்பா இருந்துச்சு, ரெண்டாவது வாரம் பழகிருச்சு.

வேல எடத்துல நமக்கு என்ன உரிமன்னு நெறய பேருக்கு தெரியாமலே இருக்கு. 2023 ஜனவரி 1-ல இருந்து வேலைவாய்ப்புச் சட்டத்துல வாரத்துக்கு 48 மணி நேரம்னு இருந்தத 45-ஆ கொறச்சுட்டாங்க. அதே திருத்தத்துலதான் வேல நேரம், வேல நாள், வேல செய்ற எடம், இதுல எதையாச்சும் மாத்தி குடுங்கன்னு நாம எழுத்துல விண்ணப்பிக்கலாம்னும் சேத்தாங்க. முதலாளி 60 நாளைக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு காரணமும் சொல்லணும். குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல, அத தெரிஞ்சுக்கிட்டு போங்க. நான் வேல பாக்குற எடத்துல வாயால கேட்டப்ப எங்க மேனேஜர் சிரிச்சுட்டு, எல்லாரும் இப்படி கேட்டா ஆபீஸ்ல யாரு இருப்பான்னு ஜோக்கடிச்சாரு. ஒரு பக்கத்துக்கு இமெயிலா எழுதுனேன். காலைல ஏழரைக்கு வந்து நாலரைக்கு கெளம்புறேன், மாசக்கடைசி கணக்கு முடிக்கிற மூணு நாள் மட்டும் வழக்கமான நேரம், காலைல சீக்கிரம் வந்தா சப்ளையர் பில்லெல்லாம் போன் தொந்தரவு இல்லாம முடிச்சுருவேன்னு, அவங்களுக்கு என்ன லாபம்னு முன்னாடி வச்சு, என் கஷ்டத்த ஒரு வரில மட்டும் சொன்னேன். அஞ்சு வாரம் கழிச்சு மூணு மாசம் சோதனைக்குன்னு சரின்னாங்க, இன்னும் சோதனைலதான் ஓடிக்கிட்டு இருக்கு. பிள்ளைங்கள பள்ளிக்கு விடுறது இப்ப என் வீட்டுக்காரர் வேல, சாயங்காலம் என் வேல.

வருஷ லீவையும் கணக்கு பாருங்க. ஒரே எடத்துல வேல பாத்து 2 வருஷம் ஆகலன்னா கொறஞ்சது 8 நாள், 2 வருஷத்துல இருந்து 5 வருஷத்துக்குள்ள 12 நாள், 5 வருஷம் ஆயிட்டா 16 நாள், இதுக்கு கீழ போகக்கூடாது. நம்ம ஆளுங்க அத மொத்தமா தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் சேத்து வச்சு செலவு பண்ணிடுறோம். நான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ புதன்கிழமையா பாத்து ஒரு நாள் எடுக்குறேன், பிள்ளைங்க பள்ளில இருக்கும்போது. அன்னைக்கு பேங்க் வேல, ஜே.பி.ஜே.ல (சாலை போக்குவரத்து இலாகா) லைசென்ஸ் வேல எதுவும் கெடையாது, அது ரொம்ப முக்கியம், கொஞ்சம் அசந்தா அந்த நாள் முழுக்க லைன்ல நின்னே போயிரும். கோலாலம்பூர் மியூசியம் நெகாரா ஸ்டேஷன்ல எறங்கி பக்கத்துல இருக்குற ஏரிப்பூங்காவுக்கு நடந்து போய் மரத்தடில ஒக்காருவேன், 1888-ல இருந்து இருக்குற பூங்கா, மரமெல்லாம் பெருசு பெருசா நெழல் நல்லா இருக்கும். பத்தரைக்குள்ள கெளம்பிருங்க, அதுக்கு மேல வேர்த்து ஊத்தும்.

இருக்குறதுலயே கஷ்டம் சொந்தக்காரங்க கிட்ட முடியாதுன்னு சொல்றது. காதுகுத்து, வீடு குடிபோறது, இருபத்தொன்னாவது பொறந்தநாள், கல்யாணம், அதுக்கு முன்னாடி நலங்கு, சனி ஞாயிறு எங்க போச்சுன்னே தெரியாது. நாம எல்லாரும் பண்ற தப்பு, பாத்துட்டு சொல்றேன் அத்தைன்னு இழுக்குறது. அவங்க வர்றான்னு எழுதிக்குவாங்க, நாம ரெண்டு வாரம் மனசுக்குள்ள சுமப்போம், கடைசில போகவும் போவோம், மொகத்த தூக்கி வச்சுக்கிட்டு. இப்ப போன்லயே சொல்லிடுறேன், "அத்தை, அந்த ஞாயித்துக்கிழம என்னால வர முடியாது, மொய்ய தம்பிகிட்ட குடுத்து உடுறேன், அடுத்த வாரம் நானே வந்து உங்கள பாத்து ஒக்காந்து பேசிட்டு போறேன்." காரணம் சொல்லாதீங்க, காரணம் சொன்னா அதுக்கு அவங்க ஒரு தீர்வு வச்சிருப்பாங்க. ஆனா சொன்ன மாதிரி அடுத்த வாரம் போயிரணும். துக்க வீட்டுக்கு மட்டும் இந்த கணக்கெல்லாம் பாக்குறதில்ல, கெளம்பிருவேன்.

நெஜமாவே மூச்சு விடுறத பத்தியும் சொல்லிடுறேன், தலைப்புல போட்டுட்டேனே. காஜாங் கடைசி ஸ்டேஷன்ங்கறதால காலைல ஒக்கார எடம் கெடைக்கும், அது ஒரு பாக்கியம். நாலு எண்ணிக்கைக்கு மூக்கால இழுத்து, ஆறு எண்ணிக்கைக்கு மெதுவா விடுங்க, அஞ்சு நிமிஷம். உள்ள இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும், வெளிய விடும்போது வேகஸ் நரம்பு வழியா கொஞ்சம் மெதுவாகும், அதான் விடுறது நீளமா இருக்கணும்னு சொல்றது. மணிக்கட்டுல நாடி புடிச்சு பாத்தா நெறய பேருக்கு விரல்லயே தெரியும். தல சுத்துனா விட்டுட்டு சாதாரணமா மூச்சு விடுங்க.

இதெல்லாம் சந்து உடுறதுக்குத்தான். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல, காலைல எந்திரிக்கவே பயமா இருக்குன்னா இந்த கார் கதையெல்லாம் பத்தாது. அரசாங்க கிளினிக், அதான் கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளிதான், அங்க டாக்டர்கிட்ட தூக்கம் வரலன்னு ஆரம்பிச்சா போதும், மத்தத அவங்க கேப்பாங்க. மனசு கஷ்டத்த காது குடுத்து கேக்குற பெஃப்ரெண்டர்ஸ் கேஎல் நம்பர் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க. பைத்தியம்னு நெனப்பாங்களோன்னு தயங்காதீங்க லா, அந்த காலம் போச்சு.

நான் எல்லா வாரமும் ஒழுங்கா இருக்கேன்னு நெனச்சுக்காதீங்க. பள்ளி தொறக்குற வாரம் மொத்தமா கவுந்துரும், மாசக்கடைசிலயும் அப்படித்தான். அப்பல்லாம் கார்ல ஒக்கார்றத மட்டும் கெட்டியா புடிச்சுக்குவேன், பதினஞ்சு அஞ்சு நிமிஷமா ஆனாலும் பரவால்ல. போன தீபாவளிக்கு பலகாரம் சுடுற வேலையையே காலண்டர் தாள்ல வெட்டிட்டு முறுக்க கடையில வாங்கிட்டேன். எங்க மாமியார் ரெண்டு நாள் என்கூட பேசல, மூணாவது நாள் ராத்திரி அடுப்படில லைட் போடாம நின்னு ரெண்டாவது டின்ன தொறந்துக்கிட்டு இருந்தாங்க.