உச்சியில் சொட்டை: எந்தச் சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுப்பது

முடி வெட்டி முடித்ததும் சலூன் அண்ணன் தலைக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார். அதில்தான் என் உச்சியில் தோல் தெரிவதை முதலில் பார்த்தேன். அப்போது எனக்கு வயது 28. அப்பாவுக்கும் மாமாவுக்கும் அதே இடத்தில்தான் தொடங்கியது. இப்போது 24 வயதுத் தம்பி எந்தச் சிகிச்சை எடுப்பது என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி, இது பரம்பரை வழுக்கைதானா என்று உறுதிசெய்யுங்கள். தைராய்டு, இரத்தசோகை, டெங்குக் காய்ச்சல் இவற்றாலும் முடி கொட்டும். அதற்கு வைத்தியமே வேறு. பரம்பரை வழுக்கையில் டி.எச்.டி. என்ற ஹார்மோன் வேர்க்கால்களைச் சுருக்கிவிடும். முடி மெலிந்து மெலிந்து பூனைமுடி ஆகும். அதனால் எந்தச் சிகிச்சையானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இருக்கும் முடியைக் காக்குமா? நிறுத்தினால் என்ன ஆகும்?

மினாக்சிடில் தலையில் தடவும் மருந்து. ஆண்களுக்கு 5 சதவீதம், ஒரு வேளைக்கு 1 மி.லி., தினம் இரண்டு வேளை. 60 மி.லி. புட்டி சரியாக ஒரு மாதம் வரும். தொடங்கிய சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதிது முளைக்கும் கட்டம் அது. எனக்கு இது தெரியாது. குளியலறை வடிகாலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பயந்து ஆறாவது வாரமே நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் வீணானது. நான்கு முதல் ஆறு மாதமாவது பொறுங்கள். பலன் தெரிந்தபின் நிறுத்தினாலும் வந்த முடி போய்விடும்.

ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை, டி.எச்.டி. உருவாவதையே குறைக்கும். இருக்கும் முடியைக் காப்பதில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஆனால் சிலருக்குப் பாலுணர்வு குறையும், மனச்சோர்வும் வரலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் ரத்ததானம் கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவும் கூடாது.

பி.ஆர்.பி. என்பது நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் நிறைந்த பகுதியைப் பிரித்துத் தலையில் போடும் ஊசி. இதில் பலன் ஆளுக்கு ஆள் மாறும்; செலவும் தொடரும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, சத்துக்குறை இல்லாதவருக்கு வேண்டாம்.

அப்புறம் முடி நடவு. பின்தலையிலிருந்து வேர்க்கால்களை எடுத்துச் சொட்டையான இடத்தில் நடுவார்கள். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சுற்றியுள்ள பழைய முடி உதிர்வதை அது தடுக்காது. அதனால் மருந்தும் வேண்டும். 28 வயதில் என்னை முதல் நாளே நடவுக்கு அவசரப்படுத்தினார்கள். நல்லவேளை, மறுத்துவிட்டேன். பின்தலையில் எடுக்கக்கூடிய வேர்க்கால்கள் அளவோடுதான் இருக்கின்றன.

தம்பி இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, எண்ணெய் வைக்காத உலர்ந்த தலையை அதே டியூப்லைட்டுக்குக் கீழே படம் எடுத்து வைக்கிறான். நீங்களும் மருந்து தொடங்குவதற்கு முன்பே முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.