ஹெட்லைட்டுக்குள் ஈரம்: நான் சரிசெய்த விதம்

ஒக்டோபர் மழை தொடங்கினால் போதும், என் காரின் இடது ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்து, இரவில் கொழும்பு காலி வீதியில் (Galle Road) வெளிச்சமே போதாமல் போய்விடும். கராஜில் முழு லைட்டையும் மாற்றச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி வெடித்திருந்தது, அவ்வளவுதான். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதே அளவில் ஒன்று வாங்கினேன். அப்புறம் பல்பைக் கழற்றி, ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்து உள்ளே நன்றாகக் காயவைத்து, புது மூடியைப் போட்டேன். ஹலஜன் பல்பின் கண்ணாடியில் மட்டும் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பசை ஒட்டினால் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று, ஹெட்லைட்டில் இருக்கும் காற்றுத் துளைகளைச் சிலிக்கன் வைத்து அடைக்கவே வேண்டாம். சூட்டில் விரியும் காற்று போய்வருவது அதன் வழியாகத்தான், அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். போன மழைக்கு ஒரு துளிகூடப் படியவில்லை.