படகு பேட்டரியில் ஒரு டம்ளர் வெந்நீர்

பாம்பன், மண்டபம் பக்கம் இரவில் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு டம்ளர் சுக்குக் காப்பிக்காக ஆடுகிற படகில் அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை. 12 வோல்ட்டில் ஓடும் சின்னச் சுருள் ஹீட்டர் போதும். 120 வாட் என்றால், 200 மில்லி தண்ணீர் கொதிக்கிற பக்குவத்துக்கு வர ஏறக்குறைய பத்து நிமிடம். மூடி போட்டால்தான் இந்தக் கணக்கு. கச்சான் என்கிற மேற்குக் காற்றில் திறந்து வைத்தால் சூடு ஏறவே ஏறாது.

கவனிக்க வேண்டியது வயரை. இதில் 10 ஆம்பியர் ஓடும். செல்போன் சார்ஜருக்கு இழுத்த மெல்லிய வயரில் கொடுத்தால் தண்ணீருக்கு முன்னால் வயர் சூடாகிவிடும். வழியில் ஒரு வோல்ட் குறைந்தாலே சூட்டில் ஆறில் ஒரு பங்கு போச்சு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், முடிந்தவரை குட்டையாக. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூத்திருக்கும்; சுரண்டிவிட்டு வாசலின் தடவுங்கள்.

பேட்டரி இறங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். 100 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரியில் டம்ளருக்கு 2 ஆம்பியர்-மணிகூடப் போகாது. இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது போடுவது நல்லது.

அப்புறம், சுருள் முழுக்க நீரில் மூழ்கிய பிறகுதான் சுவிட்ச். பாலை இதில் காய்ச்ச வேண்டாம், சுருளில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும்.