எப்போதும் பசியோடு பார்க்கும் நாய்க்கு எவ்வளவு சாப்பாடு வைப்பது?

எங்கள் வீட்டு லாப்ரடாரின் பெயர் மணி. மாமனார் வைத்த பெயர். அவர் வளர்த்த எல்லா நாய்க்கும் அதே பெயர்தான். தட்டை நக்கித் துடைத்து முடித்த கையோடு, காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் மாதிரி சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவான். "வாயில்லாச் சீவன் அம்மணி, பசியோட பாக்குது பாரு" என்பார் மாமா. அந்தப் பார்வையை நம்பி அளவு போட்டால் கோயம்புத்தூரில் இருக்கிற அரிசி முழுதும் பத்தாது.

லாப்ரடாருக்கு இது பிறவிக் குணம். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு பசியை அடக்க உதவும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2024-ல் அவர்களே செய்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியம். நாய் வேண்டாம் என்று நகரும் வரை, இருபது நிமிடத்துக்கு ஒரு டின் வீதம் சாப்பாடு வைத்துக்கொண்டே போனார்கள். அந்தக் குறை உள்ள நாய், இல்லாத நாய் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாமே மலை மலையாகத் தின்றன. வித்தியாசம் தெரிந்தது இரண்டு வேளைக்கு நடுவில்தான். குறை உள்ளவற்றுக்குச் சீக்கிரம் பசித்தது. அதோடு, சும்மா இருக்கும்போது அவற்றின் உடம்பு மற்றவற்றைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே கலோரியைச் செலவழித்தது. பசி அதிகம், செலவு கம்மி. அதனால் "எவ்வளவு கேட்கிறது" என்பதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிறையத் தின்றும் இளைக்கிற நாயை உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வயிற்றுப் புழு, சர்க்கரை, கணையம் சரியாகச் சுரக்காமல் வெளிறிய மலம் நிறையப் போவது, எல்லாமே அப்படித்தான் வெளியே தெரியும். தண்ணீர் அதிகமாகக் குடித்து, அடிக்கடி சிறுநீர் போய், முடி கொட்டி, வயிறு மட்டும் தொங்கினால் அது குஷிங் நோயாக (கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது) இருக்கலாம். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோனும் பசியைக் கிளப்பிவிடும். திடீரென்று பசி கூடியிருந்தால், கடைசியாக என்ன மருந்து ஆரம்பித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். மணி மாதிரி குட்டியிலிருந்தே இப்படி, எடையும் குறையவில்லை என்றால் அளவுப் பிரச்சினைதான்.

அப்புறம் விலா. உங்கள் கையை விரித்துப் புறங்கை எலும்புகள் மேல் மறு கை விரலை ஓட்டுங்கள். அழுத்தாமல் மேலாகத் தடவும்போது நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அளவு சரி. முஷ்டி மடக்கிய மொளி மாதிரி முட்டினால் நாய் ஒல்லி. தேடித் தேடி அமுக்க வேண்டியிருந்தால் குண்டு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். டாக்டர்கள் இதற்கு ஒன்பதுக்கு மதிப்பெண் போடுவார்கள். நாலு, ஐந்து நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 10 சதவீதம் எடை கூடுதல் என்று கணக்கு. மணிக்கு ஏழு கிடைத்தது. எடை 36 கிலோ. அப்படியானால் 20 சதவீதம் அதிகம், அவன் இருக்க வேண்டியது 30 கிலோ.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அவை ஓட்டத்துக்குப் பிறந்த நாய்கள், கடைசி விலா ஒன்றிரண்டு வெளியே தெரிவது இயல்பு. "எலும்பா இருக்குதே" என்று தெருவில் போகிறவர் சொல்வதைக் கேட்டு அதை லாப்ரடார் உருவத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பெரிய நாய் என்றால் பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகளில் தரையோடு மேடைத் தராசு இருக்கும், அதில் நிறுத்தலாம்.

இனி கணக்கு. போனில் உள்ள கால்குலேட்டரே போதும். நாய் இருக்க வேண்டிய எடையை (இப்போதைய எடையை அல்ல) மூன்று முறை பெருக்குங்கள்: 30 × 30 × 30 = 27,000. வர்க்கமூலம் இரண்டு முறை எடுங்கள்: 164.3, பிறகு 12.8. அதை 70-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 900. சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு அந்த உடம்புக்கு வேண்டிய கலோரி அது. எடை குறைக்க வேண்டிய நாய்க்கு இந்த 900-லேயே ஆரம்பிக்கலாம். சரியான எடையில் இருக்கிற, கருத்தடை செய்த, வீட்டோடு கிடக்கிற நாய்க்கு இதைப் போல 1.2 முதல் 1.6 மடங்கு. வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது, அவற்றுக்குத் தேவை பல மடங்கு.

பாக்கெட் தீனியின் பின்னால் ஒரு அட்டவணை இருக்கும். அது பெரும்பாலும் நன்றாக ஓடியாடும் நாய்க்குப் போட்டது, மணி மாதிரி மின்விசிறிக்குக் கீழே கிடக்கிறவனுக்கு அதிகம். பாக்கெட்டில் கலோரி போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் 100 கிராமுக்குப் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எவ்வளவு என்று இருக்கும். சாம்பலுக்கு (தாது உப்புகளுக்கு) ஒரு 8 வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நூறிலிருந்து கழித்தால் வருவது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். சாதாரணமாக 100 கிராமுக்கு 320-லிருந்து 400 கலோரிக்குள் வரும். நாங்கள் வாங்குவது 350. நாளுக்கு 810 கலோரி தீனிக்கு, 90 மற்றதற்கு என்று பிரித்தால் 230 கிராம். இதை டம்ளரில் அளக்காதீர்கள். ஒரே டம்ளரில் நான் போட்டால் ஒரு அளவு, மாமா கோபுரமாகக் குவித்தால் இன்னொரு அளவு. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வீட்டுச் சாப்பாடு என்றால் வெந்த சோறு 100 கிராம் 130 கலோரி, தோலில்லாத வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 165, ஒரு முட்டை 75. சோறு 250 கிராம், கறி 200, ஒரு முட்டை, பூசணியும் பீன்ஸுமாக 200 என்று போட்டால் 800-ஐ ஒட்டி வரும். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் கூடாது; வெந்த எலும்பும் கூடாது. வீட்டுச் சாப்பாடு மட்டுமே என்றால் கால்சியம் பத்தாது. எதைச் சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. கூட்டுக் குடும்பத்தில் நாய் குண்டாவது தட்டில் வைக்கும் சாப்பாட்டால் இல்லை. மாமாவின் காலை டீயோடு மாரி பிஸ்கட், ஒன்று 25 கலோரி. என் மகன் மேசைக்கு அடியில் நீட்டும் தோசை ஓரம். சமையல் செய்யும் அக்கா ஊற்றும் ஒரு டம்ளர் பால், அது 90 பக்கம். சோற்றில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் 45. சாயங்கால நடையில் பேக்கரி வாசலில் யாராவது தூக்கிப் போடும் வர்க்கி வேறு. மணிக்கு மற்றதற்கென்று ஒதுக்கியதே 90 தானே? நாலு பிஸ்கட்டில் அது தாண்டிவிடும்.

யாரையும் கொடுக்காதே என்று சொல்லிப் பயனில்லை. வயசானவருக்கு நாய்க்கு ஊட்டுவது ஒரு சந்தோஷம், அதைப் பறிப்பானேன்? எங்கள் வீட்டில் வேலை செய்தது ஒரு டப்பா. காலையில் அன்றைய 230 கிராமையும் அளந்து அதில் போட்டுவிடுவேன். மூன்று வேளைத் தட்டுக்கும் அதிலிருந்துதான், மாமா கையில் கொடுப்பதும் அதிலிருந்துதான். பிஸ்கட்டுக்குப் பதில் நாலு உருண்டைத் தீனியை ஒவ்வொன்றாக நீட்டுவார். மணிக்கு எண்ணிக்கைதான் பெரிசு, பண்டம் எதுவானாலும் சரி. டப்பா காலியானால் அன்றைய கடை மூடியாச்சு. அதற்கு மேல் கேட்டால் வெள்ளரித் துண்டு, கேரட். திராட்சை, சாக்லேட் வேண்டாம், நாய்க்கு விஷம். நடைப் பாதையையும் மாற்றி, பேக்கரி இல்லாத தெரு வழியாகப் போகிறோம்.

வயிறு நிறைந்த மாதிரி தோன்ற வைக்கவும் வழி இருக்கிறது. தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தால் உப்பி இரண்டு பங்காகத் தெரியும். வேகவைத்த மஞ்சள் பூசணி கலோரி குறைவு, கொள்ளளவு அதிகம். ஒரு வேளைத் தீனியை முற்றத்தில் இறைத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் விழுங்குவதை மோந்து மோந்து பொறுக்கிக் கால் மணி நேரம் தின்பான். பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்தாலும் இதே வேலை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் சரியான வேகம்; 36 கிலோ நாய்க்கு 350 கிராம் சொச்சம். 2 சதவீதத்துக்கு மேல் போனால் அளவைக் கூட்டுங்கள். அசையவே இல்லை என்றால் அளவைக் குறைக்கும் முன், டப்பாவுக்கு வெளியே எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுப் பூனைத் தட்டு. எல்லாம் அடைத்தும் குறையவில்லை என்றால் 10 சதவீதம் வெட்டலாம். அதற்கும் அசையாவிட்டால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று மாமா கேட்டபோது நான் அவருக்குச் சொன்னது 2002-ல் வெளியான ஓர் ஆய்வு. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே ஆயுசு முழுதும் போட்டார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது. அன்றைக்குத்தான் பிஸ்கட் பாக்கெட் அலமாரிக்கு மேல் தட்டுக்குப் போனது.

எடை வந்து சேர்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பக் கூடாது. இரண்டு வாரத்துக்கு 10 சதவீதம் என்று ஏற்றி, எடை எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மணிக்கு அது 1,100 கலோரியில் நின்றது; இப்போது அவன் டப்பாவில் 285 கிராம்.