டெக்சாஸில் பிள்ளை ஆறாம் வகுப்பில் பேண்ட் (வாத்தியக் குழு) எடுத்திருக்கிறதா? பெற்றோருக்குச் சில விஷயங்கள்

ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பேண்ட் ஹேண்ட்புக் (விதிகள் அடங்கிய கையேடு) வீட்டுக்கு வந்துவிடும். நம்மில் பலர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

நான் ஹூஸ்டன் பக்கம் ஒரு மிடில் ஸ்கூலின் பேண்ட் பூஸ்டர்ஸில், அதாவது பேண்டுக்கு உதவும் பெற்றோர் குழுவில், இருக்கிறேன். கான்சர்ட் அன்று பிள்ளைகளின் உடையைச் சரிபார்ப்பதும், போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் கூடப் போவதும் என் பொறுப்பு. மகள் கிளாரினெட், மகன் ட்ரோம்போன். புதிதாகச் சேரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இத்தனை கண்டிப்பு எதற்கு? இது ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாட) வகுப்புதானே?" என்பதுதான்.

கணக்கில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மதிப்பெண் குறையும். பேண்ட் அப்படி இல்லை. இரண்டே ட்யூபா இருக்கும் குழுவில் ஒருவன் வராவிட்டால் அடிச்சுருதியில் பாதி போய்விடும். மூன்றாவது கிளாரினெட் பயிற்சி செய்யாமல் வந்தால், அந்த இரண்டு வரிக்காக ஐம்பது பிள்ளைகள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஹேண்ட்புக்கில் இருக்கும் ஏறக்குறைய எல்லா விதியும் இதிலிருந்து பிறந்ததுதான். பிள்ளைக்கு இதைப் புரிய வைத்துவிட்டால் மற்றதைச் சொல்லச் சொல்லத் தானே பிடித்துக்கொள்ளும்.

வாத்தியம்

ஐந்தாம் வகுப்பு முடியும் சமயத்தில் டைரக்டர்கள், அதாவது பேண்ட் ஆசிரியர்கள், ஒவ்வொரு பிள்ளையையும் நான்கைந்து வாத்தியங்களின் மவுத்பீஸை (வாயில் வைக்கும் பகுதி) ஊதிப் பார்க்கச் சொல்வார்கள். உதடு, பல் வரிசை, விரல் நீளம் எல்லாம் கவனிப்பார்கள். ஆர்வத்தில் எல்லோரும் சாக்ஸஃபோன், புல்லாங்குழல், டிரம்ஸ் என்றுதான் எழுதுவார்கள். டைரக்டர் "யூஃபோனியம் எடுத்துப் பார்க்கலாமே" என்றால், ட்யூபாவைப் போன்ற, சற்றுச் சிறிய அந்தப் பித்தளை வாத்தியத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். அவர் அந்தப் பிள்ளையின் வாயையும் பார்க்கிறார், முழுக் குழுவின் சமநிலையையும் பார்க்கிறார். பெர்கஷனில் (தாள வாத்தியங்களில்) இடம் குறைவு. அதில் சேர்ந்தாலும் முதல் வருடம் பெரும்பாலும் ப்ராக்டிஸ் பேடும் (தட்டிப் பழகும் ரப்பர் பலகை), சிறு உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் பெல் கிட்டும்தான். டிரம் செட் முன்னால் உட்காரலாம் என்று நினைத்துப் போகும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யூஃபோனியம், ட்யூபா, ஃப்ரெஞ்ச் ஹார்ன், ஓபோ, பஸூன் போன்ற விலை உயர்ந்த வாத்தியங்களைப் பெரும்பாலும் பள்ளியே வருடத்துக்கு ஒரு சிறு கட்டணத்தில் தரும். மற்றவற்றை இசைக் கடையில் மாத வாடகைக்கு எடுக்கலாம். வாடகையோடு பழுது பார்க்கும் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் வாத்தியம் கீழே விழத்தான் செய்யும். டைரக்டர் கொடுக்கும் பட்டியலில் இல்லாத வாத்தியத்தை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். சுருதி நிற்காது, உதிரி பாகம் கிடைக்காது, பல கடைகள் பழுது பார்க்கவே எடுக்காது. பணம்தான் தடை என்றால் தயங்காமல் டைரக்டருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பள்ளி அலமாரியில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும், யாருக்கும் தெரியாமல் கொடுத்து உதவுவார்கள்.

வாங்கிய அன்றே சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். காரில் விட்டுவிட்டு ஹெச்இபி கடைக்குள் போகாதீர்கள். டெக்சாஸ் வெயிலில் மூடிய காருக்குள் கிளாரினெட் துளைகளை மூடும் பேடுகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

கிளாரினெட்டைப் பூட்டுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் மாதத்தில் அதிகம் வளைந்து போவது, மேல் கீழ்ப் பகுதிகளை இணைக்கும் அதன் பிரிட்ஜ் கீதான். கார்க்குகளில் கொஞ்சம் கார்க் கிரீஸ் தடவவும். முதலில் பெல்லை (அடியில் விரிந்திருக்கும் பகுதி) கீழ் ஜாயிண்டில் (கீழ்க் குழாயில்) மாட்டவும். பிறகு மேல் ஜாயிண்டை எடுத்து, அதன் வளையங்களை விரலால் அழுத்திப் பிடிக்கவும். அழுத்தினால் பிரிட்ஜ் கீ மேலே தூக்கிக்கொள்ளும். அப்படிப் பிடித்தபடியே இரண்டு ஜாயிண்டையும் மெதுவாக, பாதித் திருகலாகத் திருகிச் சேர்க்கவும். அடுத்து பேரல் (சிறு இணைப்புக் குழாய்), அதன்மேல் மவுத்பீஸ். கடைசியில்தான் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு). வாயில் வைத்து நனைத்த ரீடை மவுத்பீஸின் தட்டையான பக்கத்தில் வைத்தால், நுனியில் ஒரு மயிரிழை அளவுக்குத்தான் கருப்புத் தெரிய வேண்டும். பிறகு ரீடை இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சரை அளவாக முடுக்கினால் போதும். ஊதி முடித்ததும் ரீடைக் கழற்றி அதன் உறையில் போட வேண்டும், உள்ளே ஸ்வாப் துணியை இழுத்துத் துடைக்க வேண்டும். ஒரே ரீடை மாதக்கணக்கில் ஊதக் கூடாது. மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எல்லாமே நீடிக்கும். அவசரத்துக்கு எப்போதும் நல்ல ரீட் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

ட்ரம்பெட்டுக்கு வால்வ் ஆயில், ட்ரோம்போனுக்கு ஸ்லைடு க்ரீம். பித்தளை வாத்தியத்தில் மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு போட்டு இழுக்காதீர்கள். அதற்கென்றே ஒரு கருவி டைரக்டரிடம் இருக்கிறது, அரை நிமிடத்தில் வந்துவிடும். குறடு போட்டால் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

வகுப்பறைக்குள்

பேண்ட் ஹாலில் டைரக்டர் போடியத்தில் ஏறிய நொடியில் சத்தம் நின்றுவிட வேண்டும். இதுதான் முதல் விதி, எல்லாப் பள்ளியிலும். முதுகு நாற்காலியில் சாயக் கூடாது, இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். சூயிங் கம் கூடவே கூடாது, அது வாத்தியத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் வாத்தியத்தைத் தொடக் கூடாது, பெர்கஷன் பக்கம் போகிற வழியில் ஒரு தட்டுத் தட்டுவதும் இதில் சேரும்.

ஸ்டாண்டில் பென்சில் இருக்க வேண்டும் என்ற விதியைப் பிள்ளைகள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மதிப்பெண்ணே உண்டு. "இங்கே மூச்சு எடு", "இந்த ஈ ஃப்ளாட்" என்று டைரக்டர் சொல்வதை உடனே குறித்துக்கொள்ளாத பிள்ளை நாளைக்கும் அதே இடத்தில் தவறும். வாரத்துக்கு ஒரு டஜன் பென்சில் தொலைந்தாலும் பரவாயில்லை, வாங்கிக் கொடுங்கள்.

வருகை, லீவ், டிக்கெட்

நம் வீடுகளில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். டிசம்பர் கான்சர்ட் பெரும்பாலும் விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் வரும். சென்னைக்கு டிக்கெட் விலை குறைவாக இருப்பதும் அதே வாரங்களில்தான். பேண்ட் காலண்டர் ஆகஸ்டிலேயே வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கான்சர்ட் என்பது வகுப்பின் ஒரு பகுதி, அதற்கு மதிப்பெண் உண்டு. பின்னால் எழுத்து வேலை கொடுத்து அந்த மதிப்பெண்ணை ஈடுகட்ட டைரக்டர் சம்மதிக்கலாம். அன்று மேடையில் காலியாக இருக்கும் நாற்காலியை ஈடுகட்ட முடியாது.

காலையிலோ மாலையிலோ ஒரே வகை வாத்தியக்காரர்களுக்குத் தனியாக நடக்கும் செக்‌ஷனல், பரதநாட்டிய வகுப்போடும் கணக்கு ட்யூஷனோடும் மோதும். பள்ளி தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் நாட்டிய டீச்சரிடமும் பேண்ட் டைரக்டரிடமும் ஒரே நேரத்தில் பேசி நாளை மாற்றிக்கொள்ளுங்கள். அரங்கேற்றம், வீட்டுக் கல்யாணம் போன்ற பெரிய விசேஷங்களுக்கு மாதக்கணக்கில் முன்னதாகச் சொன்னால் நான் பார்த்த எந்த டைரக்டரும் முகம் சுளித்ததில்லை. முந்தின நாள் இரவு மின்னஞ்சல் அனுப்பினால் வருத்தப்படத்தான் செய்வார்கள். முதலில் பிள்ளையே போய்ச் சொல்லட்டும். "மிஸ், அந்த வியாழக்கிழமை நான் வர முடியாது, என்ன செய்யலாம்?" என்று நேரில் கேட்கப் பன்னிரண்டு வயதில் பழக வேண்டும். பிறகு நீங்கள் எழுதி உறுதிப்படுத்தினால் போதும்.

டெக்சாஸுக்கே உரிய இன்னொரு விதி, 'நோ பாஸ், நோ ப்ளே'. 1984 முதல் மாநிலச் சட்டமாகவே இருக்கிறது. கிரேடிங் காலம் முடியும்போது ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால், பொதுவாகக் குறைந்தது மூன்று வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. பயிற்சிக்கு வரலாம், மேடை ஏற முடியாது. பேண்டில் 100 வாங்கியிருந்தாலும் சோஷியல் ஸ்டடீஸில் 68 என்றால் இதுதான் நிலைமை. ஒப்படைக்காத ஒரு ஹோம்வொர்க்கால் போட்டிக்கு வர முடியாமல் பிள்ளை அழுவதைப் பார்த்திருக்கிறேன். போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஆன்லைனில் கிரேடை அடிக்கடி பாருங்கள்.

வீட்டில் பயிற்சி

ஒரு நாளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் ஊதுவது இதற்கு ஈடாகாது, உதட்டுத் தசை அப்படி வளராது. சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தால் மூச்சு ஆழமாகப் போகாது, வாயில் இருக்கும் துணுக்கும் வாத்தியத்துக்குள் போகும். எதுவானாலும் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் ஊத வேண்டும்.

இசை தெரியாத பெற்றோரும் உதவலாம். "இன்றைக்கு எந்த இரண்டு பார் கஷ்டம்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று முறை தொடர்ந்து சரியாக வந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவது பயிற்சி ஆகாது, ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்ப வாசிப்பதுதான். முதல் இரண்டு மாதச் சத்தத்தைப் பற்றித் தாத்தா பாட்டி உட்பட யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கேலி செய்தால் பிள்ளை மூச்சை அடக்கி ஊத ஆரம்பிக்கும், அப்புறம் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தொடக்க வகுப்பில் கற்றுத்தரும் முதல் ஐந்து சுரங்கள் பெரும்பாலும் கான்சர்ட் பி ஃப்ளாட்டிலிருந்து எஃப் வரை. நம் கணக்கில் ஆறரைக் கட்டையில் சங்கராபரணத்தின் ச ரி க ம ப. முதலில் பாடிவிட்டு ஊதச் சொல்லுங்கள், சுரம் நேராக வந்து நிற்கும். ஒரு இடத்தில் மட்டும் குழப்பம் வரும். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் அந்த ஷட்ஜத்தை 'சி' என்று படிக்கும், ஆல்ட்டோ சாக்ஸ் 'ஜி' என்று படிக்கும், ஹார்ன் 'எஃப்' என்று படிக்கும். ஒலி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இன்னொன்று, கமகம் வேண்டாம். எழுதிய சுரம் அசையாமல் நிற்க வேண்டும்.

பல்லுக்குக் கம்பி போடும் வயதும் இதுதான். நாள் குறித்ததும் டைரக்டரிடம் சொல்லுங்கள். பித்தளை வாத்தியக்காரர்களுக்குச் சில வாரம் உதடு வலிக்கும், மேல் சுரங்கள் எட்டாது. மெழுகு வைத்து மெதுவாகப் பழகினால் திரும்பி வந்துவிடும். கான்சர்ட் வாரத்தில் மட்டும் கம்பி போட வேண்டாம்.

ஏழாம் வகுப்பிலிருந்து சேர் டெஸ்ட் (யார் எந்த நாற்காலியில் உட்கார்வது என்று திறமைப்படி முடிவு செய்யும் தேர்வு) வரும். "எத்தனையாவது சேர்?" என்று வகுப்பு ரேங்க் கேட்பது போல் கேட்காதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன். மூன்றாவது பார்ட் வாசிக்கும் பிள்ளைதான் ஹார்மனியின் அடிப்பகுதியைத் தாங்குகிறது. எத்தனையாவது என்று கேட்பதற்குப் பதில் அந்தப் பார்ட்டைத் தனியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கான்சர்ட்டும் யூஐஎல்லும்

கான்சர்ட் 7 மணிக்கு என்றால் பிள்ளைகள் அதற்கு முன்பே வார்ம்-அப் அறையில் இருக்க வேண்டும். தாளில் 'கால் டைம்' என்று போட்டிருப்பதுதான் உங்கள் நேரம். கருப்பு உடை என்றால் காலுறை வரை கருப்பு. வெள்ளைக் காலுறையோடு வரும் பிள்ளைகளுக்காகவே நான் ஒரு பை நிறையக் கருப்புக் காலுறை வைத்திருக்கிறேன். தன் பிள்ளையின் குழு முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். கடைசியில் வாசிக்கும் எட்டாம் வகுப்பைக் கேட்பதுதான் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல பாடம்.

வசந்த காலத்தில், பள்ளிப் போட்டிகளை நடத்தும் மாநில அமைப்பான யூஐஎல்லின் கான்சர்ட் அண்ட் சைட்-ரீடிங் மதிப்பீடு நடக்கும். ஆறாம் வகுப்புத் தொடக்கக்காரர்கள் பொதுவாக இதில் இருக்க மாட்டார்கள். நடுவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை டிவிஷன் கொடுப்பார்கள், ஒன்றுதான் உயர்ந்தது. மேடையில் தயாரித்த பாடல்களை வாசித்த பிறகு இன்னொரு அறைக்குப் போய், இதுவரை பார்த்தே இராத ஒன்றை வாசிக்க வேண்டும். டைரக்டர் சில நிமிடங்கள் விளக்குவார். அந்த நேரத்தில் ஊதக் கூடாது, ஆனால் பாடலாம், விரலை வாத்தியத்தில் வைத்து அசைத்துப் பார்க்கலாம். இரண்டு பிரிவிலும் இறுதி டிவிஷன் ஒன்று என்று வந்தால் அது ஸ்வீப்ஸ்டேக்ஸ்.

அன்று பிள்ளையோடு தண்ணீர் பாட்டிலும் உதிராத ஏதாவது சாப்பாடும் அனுப்புங்கள், பஸ்ஸில் சிந்தும் சாம்பார் சாதம் வேண்டாம். மருத்துவப் படிவம் முன்பே போயிருக்க வேண்டும். கூட வர விரும்பும் பெற்றோர் பள்ளி மாவட்டத்தின் பேக்ரவுண்ட் செக்கை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். பிப்ரவரியில் நிரப்பினால் பல சமயம் போட்டி நாளுக்குள் அனுமதி வருவதில்லை.